கெண்டையை யார் குத்தகைக்கு எடுத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் வேலூர் பக்கத்தில் ஏரிகளின் மீன் பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுகிற ஏலம், பற்றி வருகிற செய்திகளை விடாமல் படிப்பவன் நான். எந்த ஏரி என்ன விலைக்குப் போனது, எங்கே தகராறு, எங்கே மறு ஏலம் என்றெல்லாம் வருகிறது. ஆனால் அதே ஏரிக்கரையில் விடியற்காலையில் ஒரு மூங்கில் கோலோடு உட்கார்ந்திருக்கிறவனைப் பற்றி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடமில்லாமல் வெட்டுவதாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசியில் இருக்கும் கோரிக்கையை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் காட்பாடிக்காரன். ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஷிஃப்ட் போய்க்கொண்டிருந்த காலத்திலும் சரி, இப்போதும் சரி, மார்கழி, தை இரண்டு மாதமும் என் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கெண்டைக்குத்தான். கட்லாவுக்கோ விராலுக்கோ இல்லை, கெண்டைக்கு. ஒரு விரல் நீளம், மிஞ்சிப்போனால் உள்ளங்கை நீளம் இருக்கிற அந்த ஏரிக் கெண்டைக்காக மனுஷன் பனியில் போய் உட்காருவானா என்று என் வீட்டிலேயே கேட்பார்கள். உட்காருவான். என் பெரியப்பா உட்கார்ந்தார், எனக்கு எட்டு வயதில் பக்கத்தில் உட்கார வைத்தார், இப்போது என் பேரன் என் பக்கத்தில் உட்காருகிறான்.

வேலூர் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு வெயில்தான் ஞாபகம் வரும். மே மாதத்தில் 40 டிகிரிக்கு மேல் போகிற ஊர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மார்கழி விடியலில் இந்த ஊரின் ஏரிக்கரைகளுக்கு வந்து பாருங்கள். சுற்றிலும் வெறும் பாறை மலை, பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியோடு விட்டுவிட்டு ஐந்து மணிக்கெல்லாம் ஜில்லென்று நிற்கும். குரங்குக் குல்லா, மேலே ஒரு துண்டு, பழைய ஸ்வெட்டர், அப்படியும் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் சித்தூர் ரோட்டில் போகும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கோயிலில் ஒலிபெருக்கி போட்டிருப்பார்கள், வாசல்களில் கோலத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற சத்தம், டீக்கடையில் முதல் பால் கொதிக்கிற வாசனை. அதைத் தாண்டி ஏரிப் பக்கம் திரும்பினால் ஒன்றும் தெரியாது. வெள்ளைதான். கரை எது, தண்ணீர் எது என்று காலால் தடவித்தான் போக வேண்டும்.

அந்த நேரத்தில் ஏரித் தண்ணீரில் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். சின்ன வயதில் அடியில் யாரோ அடுப்பு வைத்திருக்கிறார்கள் என்று நம்பியிருக்கிறேன். காற்று சீக்கிரம் ஆறிவிடும், தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும், அவ்வளவுதான் விஷயம். ஏரி மேலே ஆவி எழும்பி நிற்பதும் அதனால்தான். ஆனாலும் மீனுக்கு அந்த நேரம் மந்தமான நேரம். மீனுக்கு நம்மைப்போல உடம்பில் சொந்தச் சூடு கிடையாது, தண்ணீர் எப்படியோ அப்படித்தான் அதன் உடம்பும். குளிர்ந்த தண்ணீரில் பசி குறையும், அலைச்சல் குறையும், ஆழமான இடம் பார்த்து ஒதுங்கும். அதனால் மார்கழியில் முதல் ஒரு மணி நேரம் மதகுப் பக்கம், ஆழத்தில் போட வேண்டும். வெயில் கரை ஏறி, ஓரத்துத் தண்ணீர் சூடு பிடித்த பிறகு, எட்டு மணி வாக்கில், கெண்டை தானாகவே கோரைப் பக்கம் வரும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பெரியப்பா பார்த்தார், சொன்னார், நானும் 50 வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கெண்டைக்கு வாய் சின்னது. கடையில் பெரிய தூண்டில் முள்ளைத் தலையில் கட்டுவார்கள், வாங்கக் கூடாது. நம்பர் கூடக்கூட முள் சின்னது, அதைக் கேட்டு வாங்க வேண்டும். தூண்டில் நரம்பும் மெல்லியதாக இருக்க வேண்டும். மண்புழுவை முழுசாகக் கோக்கக் கூடாது, அரை நகம் அளவுக்குக் கிள்ளி, முள்ளின் நுனி மறையும்படி மட்டும் கோக்க வேண்டும். குளிரில் விரல் மரத்துப்போய் முள் எங்கே குத்துகிறது என்றே தெரியாது, அதற்குத்தான் ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி, குடிப்பதற்கு முன்னால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள. புழு கிடைக்காத நாளில் கேழ்வரகுக் களி. முந்தின நாள் ராத்திரி மீந்த களியோடு கொஞ்சம் மைதா சேர்த்து, கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசைந்து, மிளகு அளவு உருண்டை. எங்கள் பக்கத்து மனுஷன் சாப்பிடுவதைத்தான் எங்கள் பக்கத்துக் கெண்டையும் சாப்பிடுகிறது.

தக்கை மயிலிறகுத் தண்டு. இறகை எல்லாம் உருவிவிட்டு, வெள்ளைத் தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, நரம்பில் கட்டினால் தண்ணீரில் ஊசி மாதிரி நிற்கும். அதற்குக் கீழே ஒரு துளி ஈயம். இதில்தான் எல்லாமே இருக்கிறது. ஜிலேபி மீன் இரையை எடுத்தால் தக்கை வெடுக்கென்று காணாமல் போகும். கெளுத்தி மெதுவாக, யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி இழுத்துக்கொண்டு போகும். கெண்டை அப்படியெல்லாம் செய்யாது. தக்கையின் நுனி லேசாக இரண்டு தடவை துடிக்கும். நிற்கும். அதைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் விரியும். நீங்கள் அவசரப்பட்டுத் தூக்கினால் வெறும் முள்தான் வரும். மூன்றாவது தடவை துடித்து, தக்கை ஒரு பக்கமாக, ஓர் அங்குலம், சும்மா நகரும். அப்போது மணிக்கட்டை மட்டும் அசைக்க வேண்டும். “தக்கையைப் பாருடா, என்னைப் பாக்காத” என்பார் பெரியப்பா. அந்த ஓர் அங்குல நகர்வைப் பார்க்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மார்கழி ஆனது. அப்புறம் லேத்தில் நின்றபோது எத்தனையோ தடவை அது எனக்கு உதவியிருக்கிறது, கட்டிங் டூலின் நுனியில் சத்தம் மாறுவதற்கு முன்னாலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மேலே வருகிற கெண்டையைப் பார்த்திருக்கிறீர்களா? பனிக்குள்ளிருந்து ஒரு வெள்ளித் துண்டு. செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், வால் பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு, செட்டையில் லேசான சிவப்பு. பிடிப்பதற்கு முன்னால் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும், காய்ந்த கையால் பிடித்தால் அதன் மேலே இருக்கிற வழவழப்பு உரிந்துபோகும், திரும்ப விட்டாலும் புண் வரும். பொடிசாக இருந்தால் விட்டுவிடுவோம். முட்டை வயிறாக இருந்தாலும் விட்டுவிடுவோம். இது எங்கள் வீட்டுச் சட்டம், பேரன் வரைக்கும் வந்திருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் அக்கா மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அவள் வீட்டுக்காரர் அங்கே போன பிறகு தூண்டில் பழகியிருக்கிறார். போன வாரம் வீடியோவில் கூப்பிட்டு, “மாமா, நம்ம ஊர் கெண்டை மாதிரியே ஒண்ணு இருக்கு பாருங்க” என்று காட்டினார். ரோச் என்று பெயராம். பார்த்தால் நம் கெண்டைக்குப் பங்காளி மாதிரியே இருக்கிறது, அதே வெள்ளிச் செதில், அதே செட்டைச் சிவப்பு, கண்ணும் சிவப்பு. உடம்பு மட்டும் நம்முடையதைவிடப் பெரிது. புல்லெல்லாம் பனி உறைந்து கிடக்க, ஆற்றங்கரையில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு, தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே குளிர்காலத்து ரோச் எடுப்பதும் இதே கதைதானாம், துடிப்பு தெரியவே தெரியாதாம். ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறார்கள், இல்லையென்றால் ஈப்புழு, அதைக் கடையில் படி கணக்கில் அளந்து விற்கிறார்களாம். அவர் காட்டிய தக்கையைப் பார்த்து எனக்குப் பேச்சே வரவில்லை. மயிலிறகுத் தண்டு! அங்கேயும் ரொம்ப காலமாக அதுதானாம். பெரியப்பா இருந்திருந்தால் அந்த வீடியோவை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லியிருப்பார்.

சால்மன், ட்ரௌட் போன்ற மீன்களை ஒரு வகையாகவும், ரோச் மாதிரியான மற்ற நன்னீர் மீன்களை வேறு வகையாகவும் அங்கே பிரித்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது வகையைத் தூண்டிலில் பிடிப்பதற்குக் கோர்ஸ் ஃபிஷிங் என்று பெயர். சாதாரண ஜனங்களின் தூண்டில் அது. கோல் வைத்திருக்கிறவர் அரசாங்கத்திடம் ஒரு சீட்டு வாங்க வேண்டும். அது போக அந்தத் தண்ணீர் யார் கையில் இருக்கிறதோ, ஒரு சங்கமோ தனியாரோ, அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் இந்த மீன்களுக்குத் தூண்டில் போடவே கூடாது, இனப்பெருக்கக் காலம். பிடித்ததையும் பெரும்பாலும் திரும்ப விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் பிடித்தது சீட்டும் தேதியும் இல்லை. ஒரு ரோச்சுக்காகக் குளிரில் உட்காருகிறவனும் ஒரு ஆள்தான் என்று கணக்கில் எடுத்துக்கொண்டு அவனுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதுதான். தண்ணீர் அங்கேயும் யாரோ ஒருவர் கையில்தான் இருக்கிறது. ஆனாலும் இவன் உட்கார வழி இருக்கிறது.

இனி என் ஏரிக்கு வருகிறேன். ஏரியின் பெயரை எழுதவில்லை, குத்தகைக்காரர் பெயரும் வேண்டாம், ஒருத்தர் மேலே புகார் கொடுக்க நான் இதை எழுதவில்லை.

போன ஞாயிறு நானும் பேரனும் போயிருந்தோம். ஏழே கால் மணி இருக்கும். பனி விலகி எதிர்க்கரை வேலிக்காத்தான் தெரிய ஆரம்பித்திருந்தது. வாளியில் 11 கெண்டை. இரண்டு பையன்கள் பைக்கில் கரைமேல் வந்தார்கள். “யோவ் பெரிசு, யாரைக் கேட்டு தூண்டி போட்டுக்கினு கீற? ஏரி ஏலம் எடுத்துக்கீறோம், தெரியாது?” என்றான் ஒருவன். தெரியும் தம்பி, நாங்கள் கெண்டைதான் பிடிக்கிறோம், வாளியைப் பார் என்றேன். பார்த்தான். பார்த்துவிட்டுக் காலால் தள்ளினான். பேரன் கையில் இருந்த கோலைப் பிடுங்கி முட்டியில் வைத்து முறித்துத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கோலை நான் இரண்டு வருடம் முன்னால் வெட்டி, நிழலில் காயவைத்து, நெருப்பில் காட்டி நிமிர்த்திக் கொடுத்தது.

பேரனுக்குப் பத்து வயது. அழுதான், ஆனால் அழுதுகொண்டே சேற்றில் துள்ளிக்கொண்டிருந்த மீன்களிடம் போனான். போனவன் முதலில் தண்ணீரில் கையை நனைத்தான். நனைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து, சேற்றை அலசி, ஏரியில் விட்டான். பதினொன்றையும் விட்டான். ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் சாய்ந்தபடியே நின்று, அப்புறம் நேராகி உள்ளே போனது. ஆசிரியர் ஐயா, நான் அந்த இடத்தில் என்ன பேசியிருக்க வேண்டும் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன்.

குத்தகைக்காரர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். அவர் காசு போட்டிருக்கிறார். ஏலத்தொகை, மீன் குஞ்சு, காவலுக்கு ஆள் என்று எல்லாவற்றுக்கும் செலவு. ஒரு வருடம் மழை பொய்த்தால் மொத்தமும் போச்சு. அதோடு, தூண்டில்காரர்களிலும் சிலர் ராத்திரியில் வந்து வரிசையாக ஏழெட்டு முள் போட்டுக் கட்லாவை அள்ளிக்கொண்டு போய் விற்கிறார்கள், அது திருட்டுத்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பையன்களும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள், கரையில் எவனையும் விடாதே என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் குத்தகைக்காரர் ஏரியில் விடுவது என்ன? கட்லா, ரோகு, மிருகால். மூன்றும் வடக்கே கங்கைப் பக்கத்து மீன்கள், குஞ்சாக வாங்கிவந்து விடுகிறார். ஜிலேபி அதற்கும் தூரத்தது, ஆப்பிரிக்காவிலிருந்து 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. அதை இப்போது யாரும் விட வேண்டியதே இல்லை, தானே பெருகி எல்லா ஏரியிலும் உட்கார்ந்துவிட்டது. இது போக, தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கூசாமல் குட்டைகளில் வளர்க்கிறார்கள், மழையில் குட்டை உடைந்தால் அது நேராக ஏரிக்குத்தான் வரும், வந்தால் சின்ன மீன் ஒன்றையும் விட்டுவைக்காது. கெண்டையை யார் விட்டார்கள்? யாரும் விடவில்லை. அதற்கு யாரும் குஞ்சு வாங்கவில்லை, தீனி போடவில்லை. அது மழையோடு வந்தது.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு, சாமியில்லாக் கோயில், அரசனில்லாக் கோட்டை, தண்ணீரில்லா ஆறு என்று. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் 1981-ல் கோயிலுக்குத் திரும்பி வந்தார். ஆற்றுக்குத் தண்ணீர் 2021 நவம்பரில் வந்தது. பாலாறு இரு கரையும் தொட்டுப் போனதை என் தலைமுறையில் பலர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார்கள். மூன்று மாநிலம் கடந்து 348 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு, மணலாகவே பார்த்துப் பழகிய ஆறு. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்து ஏரிகள் பல வருடம் வெடித்துக் கிடந்தவை, பையன்கள் கிரிக்கெட் ஆடிய இடம். தோல் கழிவு நீர் பாலாற்றை எந்தக் கதிக்குக் கொண்டுபோனது என்பது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது, நான் தனியாக எழுத வேண்டியதில்லை. இத்தனையும் தாண்டி, அந்த நவம்பரில் ஏரி நிரம்பிக் கோடி போனபோது, மிச்சத் தண்ணீர் வழிந்து விழுகிற கலங்கலில் நின்று பார்த்தேன். விழுகிற தண்ணீருக்கு எதிராகக் கெண்டை ஏறிக்கொண்டிருந்தது. நூறு, இருநூறு என்று. ஒரு முழ உயரத்துக்குத் துள்ளிக் கல்லில் மோதி விழும், திரும்பத் துள்ளும். இத்தனை வருடம் எங்கே இருந்தது? மேலே ஏதோ ஒரு ஏரியின் மிச்சக் குட்டையில், ஏதோ ஒரு கிணற்றில், கால்வாய் மடுவில். ஏரிக்கு ஏரி கால்வாய் வெட்டி வைத்தார்களே நம் பெரியவர்கள், அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

அதனால்தான் கேட்கிறேன், ஏலப் பத்திரத்தில் எழுதியிருப்பது எந்த மீன்? விட்ட மீனுக்கு விட்டவர் சொந்தம். மழை கொண்டுவந்த மீனில் கரையோரம் ஒற்றைக் கோல் வைத்து ஒரு குழம்புக்குப் பிடிப்பவனுக்குப் பங்கே கிடையாதா? இத்தனைக்கும் குத்தகைக்காரருக்குக் கெண்டையால் லாபம் என்று எதுவும் இல்லை. எடை நிற்காது, முள் அதிகம், சந்தையில் கட்லாவுக்கு இருக்கிற விலை இல்லை. வலையில் வந்தால் கூறு கட்டிப் போடுவார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. கெண்டையைச் சாம்பல் போட்டு, சொரசொரப்பான மண் சட்டியில் செதில் போக உரசி, புளி கொஞ்சம் தூக்கலாக விட்டு, முள்ளுக் கத்தரிக்காய் நான்கு போட்டு, ராத்திரி வைத்த குழம்பை மறுநாள் காலையில் களியோடு சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும். பொடிசை மொறுமொறுவென்று வறுத்தால் முள்ளோடு போய்விடும். எங்கள் பக்கத்துக் கூலி வீடுகளில் இது வேடிக்கைக்குப் பிடிக்கிற மீன் இல்லை, அந்த வாரத்துக் கவுச்சியே அதுதான்.

எங்கள் பக்கத் தப்பையும் எழுதாமல் விட்டால் நியாயம் ஆகாது. மூன்று வருடம் முன்னால் இதே ஏரியில் ஒரு நீர்க்காகம் கோரையில் மாட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தது. இறக்கையையும் கழுத்தையும் சேர்த்து நரம்பு சுற்றியிருந்தது, யாரோ அறுத்துப் போட்டுவிட்டுப் போன தூண்டில் நரம்பு. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அது என் கையைக் கொத்தக் கொத்த, பிளேடால் ஒவ்வொரு சுற்றாக அறுத்தேன். கழுத்தில் இறகு கொட்டி, சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. பறந்து போனது, பிழைத்ததா என்று தெரியாது. அன்றிலிருந்து அறுந்த நரம்பு ஒரு முழம் கிடந்தாலும் நான் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். நரம்பு மக்காது. கரையில் உட்காருகிற ஒவ்வொருவரும் இதைச் செய்யத்தான் வேண்டும், சரக்கு பாட்டிலையும் முறுக்குக் கவரையும் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்காக நான் வாதாட மாட்டேன்.

கொசுவலையை இழுத்து, முட்டையிலிருந்து வந்த பொடி வரைக்கும் வழித்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டா போடுகிறவர்களும் பிளீச்சிங் பவுடர் கரைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில், 1897-லேயே சட்டம் போட்டாயிற்று. அவர்களைப் பிடிக்க யாரும் பைக்கில் வருவதில்லை, அவர்கள் வருகிற நேரம் வேறு. பட்டப்பகலில் பத்து வயதுப் பையனின் கோல்தான் கைக்குச் சிக்குகிறது.

சரி, கோரிக்கை.

ஏரிகளில் பெரிய ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும் சின்னவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. ஏலம் யார் விட்டாலும், அடுத்த ஏலத்திலிருந்து, பத்திரத்தில் ஒரே ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். விடிந்ததிலிருந்து காலை ஒன்பது மணி வரை, கரையில் உட்கார்ந்து, ஒரு ஆளுக்கு ஒரு கோல் ஒரு முள் என்று, வீட்டுக்கு மட்டும் கெண்டை பிடிப்பவரைத் தடுக்கக் கூடாது. விற்கக் கூடாது. கட்லாவோ ரோகுவோ மாட்டினால் குத்தகைக்காரர் மீன், அந்த இடத்திலேயே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். இதற்கு வருடத்துக்கு ஒரு சீட்டு போட்டு ஊராட்சியில் காசு வாங்கிக்கொள்ளட்டும், நான் முதல் ஆளாகக் கட்டுகிறேன். சீட்டு இருக்கிறவன் நரம்பைப் போட்டுவிட்டுப் போனால் சீட்டைப் பிடுங்கட்டும். அப்புறம், புதுத் தண்ணீர் வந்து கெண்டை ஏறுகிற அந்த இரண்டு மூன்று வாரம் தூண்டிலே வேண்டாம், அதே நாட்களில் கலங்கலில் கூடை வைத்து அள்ளுவதையும் நிறுத்த வேண்டும், குத்தகைக்காரர் ஆட்கள் உட்பட. ஏறுகிற மீன் வயிறு நிறைய முட்டையோடுதான் ஏறுகிறது, அதை அங்கேயே அள்ளிவிட்டால் அடுத்த வருடம் யாருக்கும் ஒன்றும் இல்லை.

குத்தகைக்காரருக்கும் இதில் நஷ்டம் இருக்காது என்பது என் நினைப்பு. விடியற்காலையில் கரையில் சீட்டோடு நாலு பேர் உட்கார்ந்திருந்தால் தோட்டாக்காரன் அந்தப் பக்கம் வரமாட்டான். சம்பளம் இல்லாத காவல். இதை அந்த ஏரிக் குத்தகைக்காரரிடம் நேரிலேயே சொல்லலாம் என்று இரண்டு தடவை போனேன், பார்க்க முடியவில்லை. மாவட்டக் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம் என்று மகன் சொல்கிறான், கொடுப்பேன். அதற்கு முன்னால் உங்கள் பத்திரிகையில் வந்தால் நாலு ஊரில் நாலு பேர் படிப்பார்கள், என்னைப்போல விரட்டப்பட்டவர்கள் இருந்தால் அவர்களும் எழுதுவார்கள்.

பனி இன்னும் ஒரு மாதம்தான். மாசி பிறந்தால் வெயில் ஏறிவிடும், தண்ணீர் இறங்கும், கெண்டை இடம் மாறிவிடும். போன திங்கட்கிழமை வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மூங்கில் புதரில் புதுசாக ஒரு கோல் வெட்டி, கணுவைச் சீவி, மாட்டுக் கொட்டகை நிழலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பேரன் அதைப் போய்த் தொட்டுப் பார்க்கிறான். ஒன்றும் கேட்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.